லூக்கிடம் கேட்காத கணக்கு

'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் ஏழாவது படமான 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' 2015 டிசம்பரில் வெளியாகி, உலகெங்கும் 200 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. படம் திரைக்கு வந்த சில நாட்களிலேயே அதன் நாயகி ரேயின் மீது ரசிகர்களில் ஒரு சாரார் குற்றப்பத்திரிகை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். பாலைவனக் கோள் ஒன்றில், உடைந்து கிடக்கும் போர்க்கலங்களின் பாகங்களைக் கழற்றி விற்று வயிற்றைக் கழுவும் பெண் அவள். அப்படிப்பட்டவள் மில்லேனியம் ஃபால்கன் கலத்தை ஏறிய மாத்திரத்தில் ஓட்டியது எப்படி? யாரும் கற்றுத்தராமல் காவலாளியின் மனத்தை வசப்படுத்தியது எப்படி? ஒளிவாளை முதன்முறையாகச் சுழற்றியவள், அதிலேயே ஊறிய வில்லன் கைலோ ரெனைச் சாய்த்தது எப்படி? டெய்சி ரிட்லி நடித்த இந்தப் பாத்திரத்தைப் பற்றிய தகராறு பத்தாண்டுகள் கழிந்தும் ஓயவில்லை. 2019இல் 'கேப்டன் மார்வெல்' வந்தபோது பெயரும் உடையும் மாறின, கேள்விகள் மாறவில்லை. இந்தக் கேள்விகளை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. கதை கேட்கிற எவருக்கும் அவற்றைக் கேட்க உரிமை உண்டு. ஆனால் யாரிடம் கேட்கப்படுகின்றன, யாரிடம் கேட்கப்படுவதில்லை என்று பார்க்கும்போதுதான் விவகாரம் வேறு முகம் காட்டுகிறது.

இந்தக் குற்றச்சாட்டுக்கு ரசிகர் உலகில் 'மேரி சூ' என்று பெயர். 1973இல் பாலா ஸ்மித் என்ற அமெரிக்க ரசிகை, 'ஸ்டார் ட்ரெக்' ரசிகர்களுக்கான 'மெனாஜரி' என்ற சிற்றிதழில் ஒரு நையாண்டிக் கதை எழுதினார். அதன் நாயகி லெப்டினன்ட் மேரி சூவுக்குப் பதினைந்தரை வயதுதான். விண்படையிலேயே இளைய அதிகாரி. கேப்டன் கிர்க் அவளிடம் மயங்குகிறார், கலத்தை அவளே நடத்திக் காட்டுகிறாள், நோபல் அமைதிப் பரிசும் வாங்குகிறாள், கடைசியில் எல்லோரும் கதறி அழ உயிரை விடுகிறாள். சில பத்திகளே கொண்ட கதை அது. ரசிகர்கள் தங்களைத் தாங்களே கதைக்குள் புகுத்திக்கொண்டு எழுதி அனுப்பும் படைப்புகள் குவிந்த காலத்தில், எழுதுபவர்களில் பெரும்பாலோர் பெண்களாகவே இருந்த ஒரு சிறிய வட்டத்துக்குள், தோழமையோடு அடிக்கப்பட்ட கேலி. பயிற்சி எழுத்தாளர்களைத் திருத்த எழுந்த அந்தக் கேலி, நாற்பது ஆண்டுகளில் கோடிக்கணக்கான டாலர் படங்களின் நாயகிகளை அளக்கும் முழக்கோலாகிவிட்டது. ஆண் பாத்திரங்களுக்கென்று 'கேரி ஸ்டூ', 'மார்ட்டி ஸ்டூ' என்ற பெயர்களும் பின்னால் முளைத்தன. அவை அந்த வட்டத்தைத் தாண்டவில்லை. ஒரு நாயகனை அந்தப் பெயரால் குறிப்பிட்டு நாளிதழ்களில் விவாதம் நடந்ததாகக் காட்டுவது கடினம்.

சரி, அந்த முழக்கோலை 1977இல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வைத்துப் பார்ப்போம். லூக் ஸ்கைவாக்கர் பாலைவனக் கோளின் பண்ணைப் பையன். குரு ஓபி-வானைச் சந்தித்த சில நாட்களுக்குள், ஃபால்கனின் பீரங்கியில் உட்கார்ந்து எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்துகிறான். முகம் மறைக்கும் கவசத்தைப் போட்டுக்கொண்டு, சில நிமிடப் பயிற்சியிலேயே பறக்கும் கருவியின் சூட்டைக் கண்ணால் பாராமல் தடுக்கிறான். கடைசியில், இதற்குமுன் ஏறியே இராத போர் விமானத்தில் ஏறி, அனுபவம் வாய்ந்த விமானிகள் செத்து விழும் இடத்தில், இலக்குக் கருவியையும் அணைத்துவிட்டு, எதிரியின் ராட்சதப் போர்த்தளமான டெத் ஸ்டாரைத் தகர்க்கிறான். இதற்கெல்லாம் படம் தரும் விளக்கம் இரண்டு வாக்கியங்கள். ஊரில் சிறு விமானத்தில் எலி மாதிரி ஒரு பிராணியைக் குறிபார்த்து அடித்திருக்கிறேன் என்று அவனே சொல்லிக்கொள்கிறான். உன் அப்பா அந்தக் காலத்தில் பேர்போன விமானி என்று ஓபி-வான் சொல்கிறார். அத்தோடு கணக்கு முடிந்தது. பார்வையாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டது சரியும்கூட. சாதாரணப் பையன் ஒருவனுக்குள் அண்டத்தை மாற்றும் ஆற்றல் ஒளிந்திருக்கிறது என்பதுதான் அந்தக் கதை விற்கும் சரக்கு. அதை வாங்கத்தான் சீட்டு எடுத்து உள்ளே போகிறோம்.

1999இல் வந்த 'தி ஃபேண்டம் மெனஸ்' இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அதில் ஒன்பது வயது அனாகினுக்குத் தந்தையே கிடையாது. மூத்த குரு யோடாவைவிடக் கூடுதலான சக்தி அவனுடைய இரத்தத்திலேயே இருப்பதாகப் பரிசோதனை சொல்கிறது. ரோபோவைச் சொந்தமாகச் செய்திருக்கிறான், மனிதர்களால் ஓட்டவே முடியாது என்கிற பந்தய வண்டியை ஓட்டி ஜெயிக்கிறான், தற்செயலாகப் பறக்கத் தொடங்கிய போர் விமானத்தில் போய் எதிரியின் தலைமைக் கலத்தை உள்ளிருந்து வெடிக்கவைக்கிறான். அந்தப் படத்தை ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள் என்பது உண்மை. சிறுவனின் நடிப்பு, ஜார் ஜார் பிங்க்ஸின் கோமாளித்தனம், சக்தியை இரத்தப் பரிசோதனையாக்கிய அபத்தம் என்று பட்டியல் நீண்டது. பையனுக்கு இவ்வளவு திறமை ஏது என்பது அந்தப் பட்டியலில் எங்கோ கீழே கிடந்தது. ரே படத்தை எடுத்த ஜே.ஜே. ஏப்ரம்ஸே 2009இல் எடுத்த 'ஸ்டார் ட்ரெக்' இன்னும் பொருத்தமான சாட்சி. அதில் கிர்க், தேர்வில் ஏமாற்றியதற்காக இடைநீக்கம் செய்யப்பட்ட மாணவன். நண்பனான மருத்துவரின் தயவில் கலத்துக்குள் நுழைகிறான். ஒரே நெருக்கடிக்குள் துணைத் தளபதியாகி, தற்காலிகத் தளபதியாகி, படம் முடியும்போது விண்படையின் முதன்மைக் கலத்துக்கே கேப்டனாகிவிடுகிறான். உலகின் எந்தக் கடற்படையிலும் நடக்காத பதவி உயர்வு. சிலர் கேலி செய்தார்கள், அவ்வளவுதான். அதற்கென்று ஓர் இயக்கம் பிறக்கவில்லை. 1978இன் சூப்பர்மேன் பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னோக்கித் திருப்பினார். 2019இல் மார்வெலின் 'எண்ட்கேம்' படத்து டோனி ஸ்டார்க் ஒரே இரவில் வீட்டில் உட்கார்ந்தபடி காலப் பயணத்துக்கு வழி கண்டுபிடித்தார். கைதட்டல்தான் கிடைத்தது.

இனி ரேயின் படத்தை அதே பொறுமையோடு பார்த்தால், குற்றம் சாட்டுபவர்கள் சொல்வதைவிட அதில் அதிக முன்னேற்பாடு இருப்பது தெரியும். போர்க்கலங்களின் வயிற்றுக்குள் ஏறி இறங்கி வளர்ந்தவள் என்பதால் அவற்றின் பாகங்கள் அவளுக்கு அத்துப்படி. ஃபால்கனைக் கிளப்பும்போது தரையில் தேய்த்து, வளைவில் மோதித்தான் மேலே எழுப்புகிறாள். கைத்தடிச் சண்டையில் அவள் தேர்ந்தவள் என்பது முதல் அரை மணி நேரத்திலேயே காட்டப்படுகிறது. காவலாளியை வசப்படுத்தும் முயற்சி முதல் முறை பலிக்கவில்லை. (முகமூடிக்குள் இருந்து அவள் சொல்லுக்குக் கட்டுப்படும் அந்தக் காவலாளியாக ரகசியமாக நடித்தவர் டேனியல் கிரேக், அதாவது ஜேம்ஸ் பாண்ட். எவ்வளவு சக்தியிருந்தாலும் யாரும் கேள்வி கேட்காத நாயகர்களில் முதல் வரிசையில் நிற்பவர் பாண்ட் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.) கைலோ ரெனுடன் நடக்கும் சண்டைக்கும் படம் அடித்தளம் போட்டிருக்கிறது. அவளோடு வரும் சூபாக்காவின் வில்துப்பாக்கி ஆட்களைத் தூக்கியெறியும் அளவு வலுவானது என்று சில தடவை காட்டிவிட்டு, அதே ஆயுதத்தால் கைலோவின் விலாவில் சுடவைக்கிறார்கள். அவன் அப்போதுதான் தந்தையைக் கொன்றுவிட்டு, காயத்தைக் குத்திக் குத்தித் தன்னையே உசுப்பேற்றிக்கொண்டு நிற்கிறான். ரேயைக் கொல்வதும் அவன் நோக்கமில்லை, சீடியாக்கிக்கொள்ளத்தான் பார்க்கிறான். இவ்வளவும் திரையில் இருக்கின்றன. லூக்குக்கு இரண்டு வாக்கியம் போதுமாக இருந்த இடத்தில், ரேக்கு இரண்டு மணி நேரச் சான்றும் போதவில்லை.

ஒரே தகுதிப் பட்டியலை இரண்டு பெயர்களில் காட்டினால் என்ன ஆகும் என்பதை ஆய்வகத்தில் சோதித்தவர்கள் உண்டு. 2012இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆய்வக மேலாளர் வேலைக்கான ஒரே விண்ணப்பத்தை 127 அறிவியல் பேராசிரியர்களிடம் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு ஜான் என்ற பெயரில், மீதிப் பேருக்கு ஜெனிஃபர் என்ற பெயரில். ஜான் கூடுதல் திறமைசாலியாகத் தெரிந்தான், அவனுக்குச் சொல்லப்பட்ட சம்பளமும் கூடுதல். பெண் பேராசிரியர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. சினிமா ஆய்வகமல்ல, லூக்கும் ரேயும் ஒரே விண்ணப்பத்தின் இரண்டு பிரதிகளும் அல்ல. ஆனாலும் ரேயைக் குறை சொல்கிற அத்தனை பேரும் பெண்களை வெறுப்பவர்கள் என்று குற்றம் சாட்டாமலே இரட்டை அளவுகோலைப் பற்றிப் பேச முடியும் என்பதை அந்தச் சோதனை காட்டுகிறது. தராசு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதற்கு நிறுப்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை.

ரசிகர்கள் தரப்பின் உண்மையான வலு வேறோர் இடத்தில் இருக்கிறது. லூக் தோற்கிறான் என்பார்கள் அவர்கள். 1980இல் வந்த இரண்டாம் படத்தில் குருவின் பேச்சைக் கேளாமல் பாதிப் பயிற்சியில் ஓடிப்போய், கையை இழந்து, தன்னைத் துரத்தும் கொடியவனே தன் தந்தை என்று தெரிந்து நொறுங்குகிறான். சதுப்பில் மூழ்கிய விமானத்தை அவனால் தூக்க முடியாதபோதுதான் யோடா தூக்கிக் காட்டுகிறார். சக்திக்கு அவன் விலை கொடுக்கிறான். ரே என்ன விலை கொடுத்தாள்? இந்தக் கேள்விக்கு ரேயின் ஆதரவாளர்கள் பெரும்பாலும் நேராகப் பதில் சொல்வதில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும்: போதுமான விலை கொடுக்கவில்லை. 2017இன் 'தி லாஸ்ட் ஜெடை' படத்தில் அவள் தோற்கிறாள். கைலோவின் தலைவன் ஸ்னோக் அவளைப் பொம்மையைப் போல் தூக்கியடிக்கிறான், கைலோவைத் திருத்திவிடலாம் என்று அவள் போட்ட கணக்கும் தப்பாகிறது. ஆனால் அந்தத் தோல்வி அவள் உடம்பிலோ உறவிலோ ஆறாத தழும்பாகத் தங்குவதில்லை. 2019இன் மூன்றாம் படம் மோசம். பறந்து போகும் கலத்தைக் கையசைத்து இழுக்கிறாள், பாம்பின் காயத்தைத் தொட்டு ஆற்றுகிறாள். தன் நண்பன் சூபாக்கா அந்தக் கலத்தில் செத்துவிட்டான் என்று அவள் துடிக்கும் ஒரே ஒரு கனமான கட்டம் வருகிறது. அவன் சாகவில்லை என்று சில நிமிடங்களிலேயே சொல்லி, அதையும் படம் திருப்பி வாங்கிக்கொள்கிறது. திரைக்கதையின் கோழைத்தனம் அது. அதைக் கண்டு எரிச்சலடைகிறவர் நல்ல ரசிகர்.

ஆனால் இந்த நியாயமான விமர்சனம் எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். லூக்கின் கை போனது அவனுடைய இரண்டாவது படத்தில். மூன்று ஆண்டுகள் அவன் கையோடும் வெற்றியோடும் மட்டுமே இருந்தான். அந்த மூன்று ஆண்டுகளில் யாரும் அவனைப் போலி நாயகன் என்று ஒதுக்கவில்லை. கதை இன்னும் முடியவில்லையே, பார்ப்போம் என்று பொறுத்தார்கள். ரேக்குத் தீர்ப்பு முதல் படத்தின் முதல் வாரத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. பின்னால் வந்த படங்களின் உண்மையான குறைகள் அந்தத் தீர்ப்புக்குப் பிற்சேர்க்கைகளாக ஒட்டப்பட்டன. நாயகனுக்குக் கடன் முதலில், கணக்கு பிறகு. நாயகிக்குக் கணக்கு முதலில், கடன் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரட்டை அளவுகோல் என்பதற்கு இதைவிட நுட்பமான வடிவம் எனக்குத் தெரியவில்லை. கேள்வி ஒன்றே, அதைக் கேட்கிற நேரம்தான் வேறு.

எங்களுக்கு ரிப்லியைப் பிடிக்குமே, சாரா கானரைப் பிடிக்குமே என்ற பதில் எப்போதும் வரும். உண்மைதான். 1979இன் 'ஏலியன்' படத்து எலன் ரிப்லியும், 1991இன் இரண்டாம் 'டெர்மினேட்டர்' படத்து சாராவும் அறிவியல் புனைவு ரசிகர்களின் பூஜையறைப் படங்கள். அவர்கள் ஏன் எளிதாக ஏற்கப்பட்டார்கள் என்று பார்ப்பது பலன் தரும். ஜேம்ஸ் கேமரூனின் 'ஏலியன்ஸ்' படத்தில் ரிப்லி சுமைதூக்கும் இயந்திர உடையை ஓட்டத் தெரிந்தவள் என்பது முன்பாதியிலேயே சாதாரணமாகக் காட்டப்பட்டு, இறுதிச் சண்டையில் ஆயுதமாகிறது. நேர்த்தியான தச்சுவேலை, ரேயின் படங்களில் இந்த நேர்த்தி குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதை இதோடு முடியவில்லை. 1979இன் ரிப்லி யாரையும்விட வலுவானவள் அல்ல. விதிமுறையை மதிப்பவள், பயப்படுபவள், தப்பிப் பிழைப்பவள். 1986இன் ரிப்லி ஒரு சிறுமிக்குத் தாயாகிப் போரிடுகிறாள். சாராவோ மனநலக் காப்பகத்தில் அடைபட்டு, உடம்பை இரும்பாக்கிக்கொண்டது உலகைக் காக்கப் பிறந்த மகனுக்காக. விதி தேர்ந்தெடுத்தவன் மகன்தான். அவள் அவனைப் பெற்றவள். மூன்றும் அருமையான பாத்திரங்கள். என் கேள்வி அவர்களைப் பற்றியது அல்ல. பயத்தாலோ தாய்மையாலோ சித்திரவதையாலோ வலுவைச் சம்பாதித்த பெண்ணுக்குக் கதவு திறக்கிறது. வெறுமனே பிறவியிலேயே வல்லவளாக, விளையாட்டாக, மகிழ்ச்சியாக வலுவைச் செலவழிக்கிற பெண்ணுக்கு அது திறப்பதில்லை. லூக்கும் கிர்க்கும் உட்கார்ந்திருப்பது இந்த இரண்டாவது அறையில்.

அதற்காக ரசிகர்கள் மாறவே மாட்டார்கள் என்று சொல்வதும் தவறு. அசோகா டானோ என்ற பதினான்கு வயதுச் சிறுமி 2008இல் 'தி க்ளோன் வார்ஸ்' அனிமேஷன் படத்தில் அனாகினின் சீடியாக அறிமுகமானபோது, வாயாடி என்றும் தேவையற்றவள் என்றும் வெறுத்தார்கள். ஏழு பருவங்கள் ஓடிய தொடரில் அவள் தப்புச் செய்தாள், படைவீரர்களைப் பறிகொடுத்தாள், செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்து ஜெடை வீரர்களின் சங்கத்தை விட்டே வெளியேறினாள். 2023இல் அவள் பெயரிலேயே தனித் தொடர் வந்தபோது, அந்த வரிசையில் அதிகம் நேசிக்கப்படுபவர்களில் அவள் ஒருத்தி. அவளுக்குப் பல ஆண்டுகள் கிடைத்தன. திரைப்படத்தில் ஒரு நாயகிக்குக் கிடைப்பது இரண்டரை மணி நேரம்.

ஆண் பாத்திரங்களையும் இப்படி வறுத்தெடுத்திருக்கிறார்கள் என்ற மறுப்புக்கும் ஆதாரம் இருக்கிறது. 1987இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் வெஸ்லி க்ரஷர் என்ற மேதைச் சிறுவன் வாரா வாரம் கலத்தைக் காப்பாற்றினான். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் நடுப்பெயர் வெஸ்லி. எழுதியவர் தன்னையே கதைக்குள் வைத்துக்கொண்டார் என்பதற்கு இதைவிடப் பச்சையான அடையாளம் வேண்டாம். ரசிகர்கள் அவனை வெறுத்தார்கள், நடித்த வில் வீட்டன் அந்த வெறுப்பை ஆண்டுக்கணக்கில் சுமந்தார். ஆக, மேதாவித்தனம் எரிச்சலூட்டுவது ஆண், பெண் இருவரிடமும் நிகழ்கிறது. ஆனால் வெஸ்லி தோற்றபோது தோற்றவன் வெஸ்லி மட்டும்தான். இனி பையன்களை வைத்துக் கதை எடுக்காதீர்கள் என்று யாரும் மனுக் கொடுக்கவில்லை. 2012இல் செவ்வாய்க் கோளில் தாவிக் குதித்த 'ஜான் கார்ட்டர்' படத்தால் டிஸ்னி நிறுவனத்துக்குச் சுமார் 20 கோடி டாலர் நட்டம் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. ஆண் நாயகன் விலைபோக மாட்டான் என்ற முடிவுக்கு யாராவது வந்தார்களா? பெண்கள் விஷயத்தில் வந்தார்கள், அதுவும் எழுத்திலேயே. மார்வெல் நிறுவனத்தின் அன்றைய தலைமை அதிகாரி ஐக் பெர்ல்முட்டர் 2014இல் சோனி நிறுவனத் தலைவருக்கு அனுப்பிய மின்னஞ்சல், சோனியின் கணினிகள் ஊடுருவப்பட்ட விவகாரத்தில் வெளியே வந்தது. 'எலெக்ட்ரா', 'கேட்வுமன்', 'சூப்பர்கேர்ள்' ஆகிய மூன்று தோல்விகளையும் அவற்றின் வசூலையும் வரிசையாக அடுக்கிய சிறு கடிதம். மார்வெல் திரைவரிசையில் ஒரு பெண்ணைத் தனி நாயகியாக்கிய முதல் படம் 'கேப்டன் மார்வெல்'. அது இருபத்தொன்றாவது படம். 110 கோடி டாலரைத் தாண்டி வசூலித்தது. அதன் தொடர்ச்சியாக 2023இல் வந்த 'தி மார்வெல்ஸ்' படுத்தபோது, அந்த ஆண்டு அந்த நிறுவனத்தின் வேறு படமும் சறுக்கியிருந்ததைக் கவனிக்காமல், பார்த்தீர்களா என்ற குரல் உடனே கேட்டது. அந்தக் குரலுக்கு முந்தைய 110 கோடி நினைவில் இல்லை.

இதில் படக் கம்பெனிகளுக்குப் பங்கில்லை என்று விட்டுவிட முடியாது. நாயகி பெண் என்பதையே விளம்பரத்தின் முதல் வரியாக்கி, படத்தைக் குறை சொல்பவரெல்லாம் பிற்போக்குவாதி என்று மறைமுகமாகச் சொல்லி, சுமாரான திரைக்கதைக்கு அதைக் கேடயமாக்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. 'எண்ட்கேம்' படத்தின் இறுதிப் போரில் எல்லா வீராங்கனைகளும் ஒரே சட்டத்துக்குள் அணிவகுக்கும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். புகைப்படத்துக்கு நிற்பதுபோல் நின்றுவிட்டுக் கலைகிறார்கள். அதே படத்தில் பிளாக் விடோ என்ற வீராங்கனை ஏற்கெனவே செத்துப்போயிருந்தாள். 2010இல் அறிமுகமான அவளுக்குத் தனிப்படம் 2021இல்தான் கிடைத்தது, இறந்தபிறகு. ரேயின் கதையும் அப்படித்தான். அவள் சர்வ வல்லமை படைத்தவள் என்று இணையத்தில் சண்டை நடந்துகொண்டிருந்த அதே வாரங்களில், ஹாஸ்ப்ரோ வெளியிட்டிருந்த 'ஸ்டார் வார்ஸ்' மோனோபலி விளையாட்டில் அவளுடைய காய் இல்லை. லூக், வேடர், ஃபின், கைலோ ரென் ஆகிய நால்வர் மட்டும் இருந்தார்கள். கதையின் ரகசியம் உடைந்துவிடக் கூடாதென்று விட்டோம் என்று நிறுவனம் விளக்கம் சொல்லி, பிறகு சேர்ப்பதாக ஒத்துக்கொண்டது. மேடையில் தூக்கி வைப்பார்கள், கடையில் மறந்துவிடுவார்கள். இப்படிப்பட்டவர்களின் பேச்சை நம்பாத ரசிகரைக் குறை சொல்ல என்னால் முடியாது.

வெறுப்பின் அளவைப் பற்றியும் நிதானம் தேவை. 'தி லாஸ்ட் ஜெடை' இயக்குநர் ரையன் ஜான்சனுக்கு அனுப்பப்பட்ட 967 ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்து ஆய்வாளர் மார்ட்டன் பே 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எதிர்மறையானவை ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே இருந்தன. அவற்றிலும் ஏறத்தாழ பாதி அரசியல் உள்நோக்கம் கொண்டவை அல்லது மனிதர்களே அல்லாத கணக்குகளிலிருந்து வந்தவை என்று அவர் கருதினார். சின்ன மாதிரி, ஒரே மனிதருக்கு வந்த பதிவுகள், ஆகவே இதை எல்லா ரசிகர்களுக்கும் நீட்டிக்க முடியாது. கூச்சல் போடுபவர்களே கூட்டம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு மட்டும் அது உதவும். ஆனால் சிறிய கூட்டத்தின் கூச்சலும் ஆளைச் சாய்க்கும். அந்தப் படத்தில் நடித்த கெல்லி மேரி ட்ரான் தொடர்ந்து வந்த வசைகளால் 2018இல் இன்ஸ்டாகிராமை விட்டே விலகினார். 1999இல் ஜார் ஜாராக நடித்த அகமது பெஸ்டும் இதே கொடுமையை அனுபவித்தவர். ஆண்களையும் இந்தக் கூட்டம் விடவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

என்னை அதிகம் உறுத்துவது இந்தச் சண்டை கதைக்கு என்ன செய்தது என்பதுதான். 2017இன் படத்தில் ரேயின் பெற்றோர் குடிக்காக அவளை விற்றுவிட்டுப் போன அநாமதேயங்கள் என்று கைலோ ரென் சொல்கிறான். பெரிய குடும்பத்தில் பிறந்தவர்களுக்கே சக்தி சொந்தம் என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த தொடருக்கு அது பெரிய திருப்பம். பேர்போன யாருக்கும் பிறக்காத, எந்த வம்சத்துக்கும் கடன்படாத ஒருத்தி. இரண்டே ஆண்டுகளில் 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' அதை அழித்து எழுதியது. ரே பேரரசன் பால்படீனின் பேத்தியாம். எழுதியவர்கள் ரசிகர்களுக்குப் பயந்துதான் இப்படிச் செய்தார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம். விளைவு மட்டும் கண்முன் இருக்கிறது. இவளுக்கு இவ்வளவு சக்தி எப்படி வந்தது என்ற கேள்விக்கு, தாத்தா கொடுத்தது என்று பதில் கிடைத்துவிட்டது. லூக்கின் சக்திக்கு அப்பன் பெயர் சொன்னால் போதும் என்றிருந்த அதே ஏற்பாட்டுக்குள் அவளையும் கொண்டுபோய் அடைத்தாயிற்று. கணக்குக் கேட்டவர்கள் இதிலாவது திருப்தியடைந்தார்களா என்றால் அதுவும் இல்லை. அந்தப் பதிலைப் பலர் எள்ளி நகையாடினார்கள். உழைப்பாலும் தோல்வியாலும் வந்த பதிலை விரும்பியவர்களுக்கு வம்சாவளிச் சான்றிதழ் நீட்டப்பட்டது.

2023 ஏப்ரலில் லண்டனில் நடந்த 'ஸ்டார் வார்ஸ்' விழாவில், டெய்சி ரிட்லி மீண்டும் ரேயாக வரும் புதிய படத்தை அறிவித்தார்கள். இயக்குநராக அன்று மேடையேறியவர் பாகிஸ்தானைச் சேர்ந்த ஷர்மீன் ஒபெய்த்-சினாய். ஆவணப்படங்களுக்காக இரண்டு ஆஸ்கர் வென்றவர். ஜெடை சங்கத்தை ரே புதிதாகக் கட்டியெழுப்பும் கதை என்றார்கள். அந்தப் படம் என்று வந்தாலும், அவளுக்கு அதில் இருக்கப்போவது குருவின் இடம். இந்தத் தொடரில் குருமார்கள் எல்லோரும் தோற்றிருக்கிறார்கள். ஓபி-வான் அனாகினை இழந்தார், லூக் தன் மருமகன் கைலோ ரெனையே இழந்து தீவில் போய் ஒளிந்தார். லூக்கை அப்படித் தோற்றவராகக் காட்டியதற்காகத்தான் 2017இல் ரசிகர்கள் கொதித்தார்கள். அவராக நடித்த மார்க் ஹாமில்கூடத் தனக்கு அதில் உடன்பாடில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ரே தோற்கவே இல்லை என்று குறைபட்டவர்களும், லூக் தோற்றுவிட்டாரே என்று குமுறியவர்களும் பல இடங்களில் ஒரே ஆட்கள். தன் தவறால் ஒரு சீடனையோ சீடியையோ பறிகொடுக்கும் ரேயை எழுதினால், அவளுக்கு இதுவரை மறுக்கப்பட்ட கனம் கிடைக்கும். அப்போது அதே ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் கேட்டுவிடலாம்.